அலுவலக வெப்சைட்டைப் புதுப்பிக்கும் வேலை உங்கள் தலையில் விழுந்ததா? எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் கற்க ஒரு முழு வழிகாட்டி

கூட்டுறவுச் சங்கம், கல்லூரி அலுவலகம், அறக்கட்டளை, சிறு நிறுவனம் என்று எங்கும் இந்த நிலைமைதான். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் யாரோ செய்துகொடுத்த வெப்சைட். மேலே ஓடிக்கொண்டே இருக்கும் எழுத்து, ஓரத்தில் மினுக்கும் ‘புதியது’, செல்போனில் திறந்தால் எறும்பு ஊர்வது போன்ற வரிகள். “கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள் நீங்கதானே, கொஞ்சம் பாத்துக்குங்க” என்று மேலாளர் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

இதற்காகப் புத்தகம் வாங்கி முதல் அத்தியாயத்திலிருந்து படிக்க வேண்டியதில்லை. படிக்கவும் முடியாது, மூன்றாம் நாள் விட்டுப்போகும். பழைய தளத்திலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து, அதையே பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டண விவரப் பக்கம் நல்ல தேர்வு. தலைப்பு, பத்தி, பட்டியல், அட்டவணை, லிங்க் எல்லாம் அதில் இருக்கும். அந்த ஒரு பக்கத்தைப் புதிதாக எழுதிவிட்டால், பக்கத்தின் பகுதிகளைக் குறிக்கும் மொழியான எச்டிஎம்எல்லில் உங்களுக்குத் தேவையானதில் முக்கால்வாசி முடிந்தது.

தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஆறு வாரம் பிடிக்கும். எச்டிஎம்எல்லுக்கு இரண்டு, நிறம், அளவு, இட அமைப்பைக் கவனிக்கும் சிஎஸ்எஸ்ஸுக்கு இரண்டு, உள்ளடக்கத்தைச் சீர்செய்து ஏற்ற இரண்டு. தமிழ்த் தளம் என்றால் கடைசி இரண்டு நான்காகும். காரணம் கீழே வரும்.

டேக் என்பது ஒவ்வொரு பகுதியும் என்ன என்று சொல்லும் குறி. டேக் பெயர்களை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் தருகிறோம். கோப்பில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில், கோண அடைப்புக்குள் தட்ட வேண்டும்.

கை வைக்கும் முன்

டொமைன் வேறு, ஹோஸ்டிங் வேறு. டொமைன் என்பது பெயர்ப் பதிவு. ஹோஸ்டிங் என்பது கோப்புகள் இருக்கும் இடம். இரண்டின் கடவுச்சொல்லும் பெரும்பாலும் பழைய வெண்டரிடம் இருக்கும். டொமைன் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது, என்றைக்குப் புதுப்பிக்க வேண்டும் என்பதை முதலில் கேட்டு வாங்குங்கள். தளத்தை அழகாகச் செய்து முடித்த மாதமே டொமைன் காலாவதியானால் அத்தனை உழைப்பும் வீண்.

அடுத்தது பேக்கப். சிபேனல் என்ற ஹோஸ்டிங் நிர்வாகத் திரை இருந்தால் ஃபைல் மேனேஜரில் ‘பப்ளிக் எச்டிஎம்எல்’ என்ற ஃபோல்டரை முழுவதுமாக ஜிப் செய்து இறக்குங்கள். வேர்ட்பிரஸ் தளம் என்றால் அது மட்டும் போதாது. கட்டுரைகள் எல்லாம் டேட்டாபேஸில் இருக்கும், அதைத் தனியாக ஏற்றுமதி செய்ய வேண்டும். இறக்கிய ஜிப்பைத் திறந்து பார்த்த பிறகுதான் அது பேக்கப்.

பிறகு ஓர் எக்செல் தாள். ஒரு வரிசைக்கு ஒரு பக்கம்: முகவரி, தலைப்பு, கடைசியாக மாற்றிய தேதி, அதற்குப் பொறுப்பான பிரிவு, வைப்பதா சேர்ப்பதா நீக்குவதா. நாற்பது பக்கத் தளத்தில் உயிரோடு இருப்பவை பதினைந்துகூடத் தேறாது. இந்தத் தாளை மேலாளரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ‘அந்த 2013 ஆண்டுவிழாப் படம் எங்கே போச்சு’ என்று பின்னால் யாராவது கேட்கும்போது உதவும்.

கருவி

விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற எடிட்டர், ஃபயர்ஃபாக்ஸ் அல்லது குரோம். இரண்டும் இலவசம், வேறெதுவும் வேண்டாம். சந்தேகம் வந்தால் எம்டிஎன் வெப் டாக்ஸ் என்ற இணையக் கையேட்டைப் பாருங்கள். ஒவ்வொரு டேகுக்கும் ஒரு பக்கம், பழையதாகிப்போன டேக் என்றால் அந்தப் பக்கத்தின் மேலேயே எச்சரிக்கை இருக்கும்.

வேர்டில் எச்டிஎம்எல் எழுதாதீர்கள். வேர்டிலிருந்து எடிட்டர் பெட்டிக்குள் அப்படியே ஒட்டவும் ஒட்டாதீர்கள். ஒட்டினால் ஒவ்வொரு பத்தியோடும் ‘எம்எஸ்ஓ நார்மல்’ என்ற வகுப்பும் (சிஎஸ்எஸ் அடையாளம் காண டேகுக்கு வைக்கும் பெயர்), ஃபான்ட், நிறம், இடைவெளி என்று ஒரு மூட்டைக் குப்பையும் சேர்ந்து வரும். உங்கள் சிஎஸ்எஸ் அதன் மேல் எடுபடாது. கண்ட்ரோல்–ஷிஃப்ட்–வி அழுத்தி வெறும் எழுத்தாக ஒட்டுங்கள்.

எலும்புக்கூடு

பழைய கட்டணப் பக்கத்தைத் திறந்து கண்ட்ரோல்–யு அழுத்துங்கள். பின்னால் இருப்பது தெரியும். பயப்பட வேண்டாம், அதில் பாதி தேவையில்லாதது. இப்போது புதிய கோப்பு ஒன்றைத் திறந்து, விரிவாக்கம் எச்டிஎம்எல் என்று கொடுத்துச் சேமித்து, முதல் வரியில் ஆச்சரியக்குறி ஒன்றைத் தட்டி டேப் விசையை அழுத்துங்கள். எலும்புக்கூடு தானாக வந்துவிடும். அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை உண்டு.

முதல் வரி டாக்டைப். அது இல்லாவிட்டால் பிரவுசர், தொண்ணூறுகளின் தளங்களைக் காட்டும் பழைய முறைக்கு மாறிவிடும். அளவுகள் கணக்குக்கு ஒத்துவராது, ஏன் என்றே புரியாது. ஒரு வரியை விட்டதற்கு இரண்டு நாள் தலையைச் சொறிய வேண்டியிருக்கும்.

இரண்டாவது வரியில் எச்டிஎம்எல் டேகின் ‘லாங்’ பண்பு (டேகுக்குள் எழுதும் கூடுதல் விவரம்) ஆங்கிலம் என்று இருக்கும். அதை மாற்றித் தமிழுக்குரிய இரண்டெழுத்துக் குறியீடான ‘டிஏ’ போடுங்கள். இதை மாற்றாத தமிழ்த் தளங்கள் ஏராளம். கண் தெரியாதவர்கள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர், எந்தக் குரலில் படிப்பது என்பதை இதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. ஆங்கிலம் என்று இருந்தால் தமிழை ஆங்கிலக் குரல் தடுமாறி வாசிக்கும், அல்லது தாண்டிப் போய்விடும்.

ஹெட் பகுதிக்குள், எழுத்துகளைச் சேமித்திருக்கும் முறையைச் சொல்லும் ‘கேரக்டர் செட் யூடிஎஃப்-8’ என்ற மெட்டா வரி, கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும். எனவே அதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிடுங்கள். வரி இருந்தால் மட்டும் போதாது, கோப்பும் உண்மையிலேயே யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். பழைய விண்டோஸ் நோட்பேட் ‘ஆன்சி’ முறையில் சேமிக்கும். அதில் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், மீட்கவும் முடியாது.

‘வியூபோர்ட்’ மெட்டா வரி செல்போனுக்கானது. அது இல்லாத பக்கத்தைப் பல செல்போன் பிரவுசர்கள் 980 பிக்சல் அகலமுள்ள மேசைக் கணினிப் பக்கமாக எண்ணிச் சுருக்கிக் காட்டும். பழைய தளத்தின் எழுத்து எறும்பாகத் தெரிந்ததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

டைட்டிலில் ‘முகப்பு’ என்றோ ‘வரவேற்கிறோம்’ என்றோ போடாதீர்கள். ‘கட்டண விவரம்’ என்று தொடங்கி, அடுத்து நிறுவனத்தின் பெயர். பத்து டேப் திறந்து வைத்திருப்பவருக்கு முதல் இரண்டு சொல்தான் தெரியும்.

எது என்ன என்று சொல்வது

எச்டிஎம்எல் அழகுக்கு அல்ல. இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது அட்டவணை என்று பெயர் சொல்லி வைப்பதற்கு. எழுத்து பெரிதாகத் தெரிகிறது என்பதற்காக எச்1 போடுவதும், சின்னதாக இருக்கிறது என்று எச்4 போடுவதும்தான் புதியவர் செய்யும் முதல் பிழை. பக்கத்துக்கு ஒரு எச்1. அதன் கீழே வரும் பெரும்பிரிவுக்கு எச்2, அதற்குள் எச்3. நடுவில் எண் தாண்டக் கூடாது. அளவைப் பிறகு சிஎஸ்எஸ்ஸில் எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

பத்திக்கு பி. பத்திகளுக்கு நடுவே இடம் விட பிஆர் டேகை ஐந்து முறை போட்டிருப்பார்கள் பழைய பக்கத்தில், எல்லாவற்றையும் நீக்குங்கள். வரிசை முக்கியமில்லாத பட்டியலுக்கு யூஎல், விண்ணப்பிக்கும் படிகள் போல வரிசை முக்கியமானதற்கு ஓஎல், உள்ளே ஒவ்வொன்றும் எல்ஐ. நட்சத்திரக்குறி போட்டு வரி வரியாக எழுதினால் அது பட்டியல் ஆகாது.

பக்கத்தின் தலைப்பகுதிக்கு ஹெடர், மெனுவுக்கு நாவ், முக்கிய உள்ளடக்கத்துக்கு மெயின், அடிப்பகுதிக்கு ஃபுட்டர். இவற்றில் எதுவும் பொருந்தாதபோது மட்டும் டிவ். இணையத்தில் கிடைக்கும் இலவச டெம்ப்ளேட்களில் டிவ்வுக்குள் டிவ்வாகப் பதினைந்து அடுக்கு இருக்கும். அதைப் பார்த்துக் கற்காதீர்கள்.

ஃபான்ட், சென்டர், மார்க்கீ ஆகிய மூன்று டேகும் இன்றைய எச்டிஎம்எல் தரத்தில் வழக்கொழிந்தவை. பிரவுசர்கள் இன்னும் காட்டுகின்றன என்பது வேறு விஷயம். மார்க்கீயை எடுக்கும்போது அலுவலகத்தில் எதிர்ப்பு வரும். ஓடுகிற எழுத்தைப் பாதி படிப்பதற்குள் அது போய்விடுகிறது, வயதானவர்கள் படிக்கவே முடியாது என்று எடுத்துச் சொல்லி, அதிலிருந்த அறிவிப்புகளை முகப்பின் மேலே தேதியோடு ஒரு பட்டியலாகப் போட்டுக் காட்டுங்கள். பார்த்தால் ஒப்புக்கொள்வார்கள்.

அட்டவணை இரண்டு வகை. கட்டணம், நேரம், விலை போன்ற தகவலுக்கு டேபிள் சரி. பக்கத்தை இடது வலது என்று பிரிக்கப் போட்டிருக்கும் டேபிள் தவறு, அது பழங்கால வழக்கம். தகவல் அட்டவணையில் தலைப்புக் கட்டங்களுக்கு சாதாரணக் கட்டத்துக்கான டிடி போடாமல் டிஎச் போட்டு, ‘ஸ்கோப்’ பண்பில் அது நெடுவரிசைக்கா கிடைவரிசைக்கா என்று சொல்லுங்கள். மேலே ‘கேப்ஷன்’ டேகில் அட்டவணையின் பெயர். செல்போனில் அட்டவணை திரையைத் தாண்டும். அதைச் சுற்றி ஒரு டிவ் போட்டு, அதன் ‘ஓவர்ஃப்ளோ-எக்ஸ்’ மதிப்பை ‘ஆட்டோ’ ஆக்கினால் அட்டவணை மட்டும் பக்கவாட்டில் நகரும், பக்கம் ஆடாது.

லிங்குக்கு ஏ டேக், முகவரி எச்ஆர்இஎஃப் பண்பில். ‘விண்ணப்பப் படிவத்துக்கு இங்கே சொடுக்கவும்’ என்று எழுதி ‘இங்கே’ மேல் லிங்க் வைப்பதை விட்டுவிடுங்கள். ஸ்கிரீன் ரீடர் லிங்குகளை மட்டும் பட்டியலாக எடுத்துத் தரும்போது ‘இங்கே, இங்கே, இங்கே’ என்றுதான் கேட்கும். ‘உறுப்பினர் விண்ணப்பப் படிவம், பிடிஎஃப், 200 கேபி’ என்பதையே லிங்காக்குங்கள். தொலைபேசி எண்ணுக்கும் லிங்க் கொடுக்கலாம். எச்ஆர்இஎஃப்பில் ‘டெல்’ என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, +91 உடன் இடைவெளியின்றி எண். செல்போனில் தொட்டால் அழைப்புப் போகும்.

கேட்பு மடல், சுற்றறிக்கை ஆகியவற்றை ஸ்கேன் செய்து படமாகப் போடும் பழக்கத்தையும் இந்தச் சாக்கில் நிறுத்துங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை யாரும் தேட முடியாது, நகலெடுக்க முடியாது. செய்தியை எழுத்தாகத் தட்டி, கையெழுத்துள்ள நகலைக் கீழே பிடிஎஃப்ஆக இணைத்தால் போதும்.

என் கணினியில் வந்த படம் ஏன் தளத்தில் வரவில்லை?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்பார்கள். காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

படத்தின் பாதை ‘சி டிரைவ், யூசர்ஸ்’ என்று தொடங்குகிறதா பாருங்கள். அது உங்கள் கணினியின் பாதை, சர்வரில் அப்படி ஓர் இடமே இல்லை. பக்கம் இருக்கும் ஃபோல்டரிலிருந்து பாதை தொடங்க வேண்டும்.

இரண்டாவது, பெரிய எழுத்துச் சிக்கல். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று. ஹோஸ்டிங் சர்வர் பெரும்பாலும் லினக்ஸ், அதற்கு இரண்டும் வேறு வேறு. கேமரா கொடுக்கும் படத்தின் விரிவாக்கம் பெரிய எழுத்தில் இருக்கும், நீங்கள் கோடில் சிறிய எழுத்தில் தட்டியிருப்பீர்கள். உங்கள் மேசையில் படம் தெரியும், தளத்தில் தெரியாது.

மூன்றாவது, கோப்பின் பெயரில் இடைவெளியோ தமிழோ இருப்பது. தமிழ்ப் பெயர் வேலை செய்யாது என்பதில்லை. ஆனால் ‘தமிழ்’ என்ற சொல்லில் யூனிகோட் (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) கணக்குப்படி த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு. யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். முகவரியில் ஒரு பைட்டுக்கு விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்து. ஆக, வாட்ஸ்ஆப்பில் அந்த முகவரியை ஒட்டும்போது ‘தமிழ்’ என்ற ஒரு சொல் 45 எழுத்துக் கிறுக்கலாக மாறி நிற்கலாம். கோப்புப் பெயர் எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து, எண், நடுவில் சிறுகோடு. இந்த ஒரு விதியை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்துக்குத் தனி வேலை

பழைய தளத்திலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோட், தப்பித்தீர்கள். ஆங்கில எழுத்தும் குறிகளுமாக வந்தால் அது பழைய எழுத்துரு முறை: டாப், டாம், டிஸ்கி, வானவில், இலங்கைத் தளம் என்றால் பெரும்பாலும் பாமினி. பாமினியில் ‘தமிழ்’ என்பது கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் இருக்கும். அந்த ஃபான்ட் மேலே போர்த்தப்பட்டிருக்கும் வரைக்கும்தான் அது தமிழ். தேடுபொறிக்கு அந்தத் தளத்தில் தமிழே இல்லை. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது, இனிமேல் பழைய முறையில் ஒரு வரிகூட வைக்கக் காரணமில்லை.

மாற்ற என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மென்பொருள்கள் உண்டு. ஆனால் முழுப் பக்கத்தையும் தூக்கி மாற்றியில் போட்டால் நடுவில் இருக்கும் உண்மையான ஆங்கிலமும் தமிழாகிவிடும். மின்னஞ்சல் முகவரி, வெப்சைட் முகவரி, ‘பிடிஎஃப்’ போன்ற சொற்கள் எல்லாம் அர்த்தமில்லாத தமிழெழுத்தாக நிற்கும். டேக்குகளும் அப்படியே சிதையும். எனவே தமிழ்ப் பத்தியை மட்டும் எடுத்து, மாற்றி, திரும்ப ஒட்டுங்கள். அரைப்புள்ளி, மேற்கோள்குறி, அடைப்புக்குறி இருக்கும் இடங்களைக் கண்ணால் பாருங்கள். சலிப்பான வேலைதான். ஆறு வாரம் எட்டாக நீள்வது இங்கேதான்.

மாற்றிய பிறகும் கண்ணுக்குத் தெரியாத பிழை இருக்கும். கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறிக்கு ஒரே குறியீடு இருக்கிறது. கொம்பு தனியாக, கால் தனியாக இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். இரண்டும் ஒன்றென்று யூனிகோட் சொல்கிறது, எல்லாத் தேடல் பெட்டியும் அப்படி நினைப்பதில்லை. அதைவிட மோசம், கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரம் இருப்பது. ‘கொடை’ என்பது ‘கெரடை’ என்று இருந்தால் சில ஃபான்ட்களில் வித்தியாசமே தெரியாது, தேடினால் அகப்படாது. அதே போல ‘ஔவை’யில் ஒகரத்தையும் ளகரத்தையும் தனித்தனியாகத் தட்டியிருப்பார்கள். மாற்றிய கோப்புகளில் ‘கெர’, ‘பெர’, ‘தெர’ என்று தேடிப் பாருங்கள், கொத்தாகச் சிக்கும். ‘தெரியும்’ போன்ற சரியான சொற்களும் கூடவே வரும் என்பதால் மொத்தமாக மாற்றும் பொத்தானை அழுத்திவிடாதீர்கள்.

படிவம் வைத்தால் இன்னொரு பொறி. பெயர்ப் பெட்டிக்கு ‘மேக்ஸ்லெங்த்’ 10 என்று கொடுத்திருப்பார்கள். ‘கிருஷ்ணமூர்த்தி’ நம் கணக்கில் எட்டெழுத்து. பிரவுசர் எண்ணுவது குறியீடுகளை: துணைக்குறி, புள்ளி எல்லாம் தனித்தனியாக, ஆகப் பதினைந்து. அவர் ‘கிருஷ்ணமூர்’ வரைக்கும்கூடப் போக முடியாது, புள்ளியில்லாத ‘ர’வில் பெட்டி நின்றுவிடும். தமிழில் நிரப்பும் பெட்டிக்கு அளவைத் தாராளமாகக் கொடுங்கள், அல்லது கொடுக்காமலே விடுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: எச்டிஎம்எல் படிவத்தை வரையுமே தவிர, நிரப்பியதை வாங்கி அனுப்பாது. அதற்கு சர்வரில் ஒரு நிரல் வேண்டும். அது தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

சிஎஸ்எஸ்

எல்லா அழகும் ஒரே தனிக் கோப்பில் இருக்கட்டும், எல்லாப் பக்கமும் அதையே இணைக்கட்டும். டேகுக்குள்ளேயே ‘ஸ்டைல்’ எழுதினால் நாளைக்கு நிறம் மாற்ற இருபது பக்கம் திறக்க வேண்டும். எழுதும் முறை எளிது: யாருக்கு, வளைந்த அடைப்பு, பண்பு, முக்காற்புள்ளி, மதிப்பு, அரைப்புள்ளி. அந்த அரைப்புள்ளியை விட்டால் அந்த வரியோடு அடுத்த வரியும் செத்துப்போகும். மூடும் அடைப்பை விட்டால் அதற்குக் கீழே இருப்பதெல்லாம் குழம்பும்.

முதல் வரியாக, எல்லாவற்றுக்கும் ‘பாக்ஸ்-சைசிங்’ மதிப்பை ‘பார்டர்-பாக்ஸ்’ ஆக்குங்கள். செய்யாவிட்டால் அகலம் 100 சதவீதம் என்று சொன்ன பெட்டிக்கு இருபுறமும் 20 பிக்சல் பேடிங் (உள் இடைவெளி) கொடுக்கும்போது அது திரையைவிட 40 பிக்சல் பெரிதாகி, பக்கம் பக்கவாட்டில் ஆடும்.

எழுத்துக்கு இந்த அளவில் தொடங்குங்கள்: அளவு 17 அல்லது 18 பிக்சல், வரி உயரம் 1.7, அலகு போடாமல். ஆங்கில டெம்ப்ளேட்களில் 1.2, 1.4 என்று இருக்கும். தமிழில் அது போதாது. மேல் வரியின் ‘கூ’, ‘ரு’ கீழே இறங்கும், கீழ் வரியின் ‘கீ’, ‘ற்’ மேலே ஏறும், இரண்டும் முட்டிக்கொள்ளும். தலைப்புக்கும் 1.4க்குக் குறையாமல் பாருங்கள். ‘லெட்டர்-ஸ்பேசிங்’ பக்கம் போகவே வேண்டாம். சாய்வெழுத்தும் வேண்டாம், பெரும்பாலான தமிழ் ஃபான்ட்களில் சாய்வு வடிவமே கிடையாது, பிரவுசர் நேர் எழுத்தையே தள்ளிச் சாய்த்துக் காட்டும்.

ஃபான்ட் வரிசையில் முதலில் நோட்டோ சான்ஸ் தமிழ், அடுத்து விண்டோஸுக்கு நிர்மலா யூஐ, ஆப்பிள் கருவிகளுக்குத் தமிழ் சங்கம் எம்என், கடைசியில் பொதுவான சான்ஸ்-செரிஃப். (எம்என் என்பது அதை வடிவமைத்த முத்து நெடுமாறனின் பெயர்ச் சுருக்கம்.) வெப் ஃபான்ட் ஏற்றினால் 400, 700 என இரண்டு தடிமனையும் ஏற்றுங்கள். 400 மட்டும் இருந்தால் தடித்த எழுத்தைப் பிரவுசரே பூசி மெழுகும். ‘ண’, ‘ஞ’, ‘ஐ’ ஆகியவற்றின் சுழி அடைத்துக் கறையாகத் தெரியும்.

நம் சொற்கள் நீளம். 360 பிக்சல் செல்போனில் ‘தொழில்நுட்பப்பணியாளர்களுக்கான’ என்ற தலைப்பு திரையைத் தாண்டும். ‘ஓவர்ஃப்ளோ-ராப்’ மதிப்பை ‘பிரேக்-வேர்ட்’ ஆக்கினால் உடையும், ஆனால் கண்ட இடத்தில் உடையும். தலைப்பையே ‘தொழில்நுட்பப் பணியாளர்களுக்கு’ என்று பிரித்து எழுதுவது நல்லது. சிஎஸ்எஸ் சிக்கல் என்று நாம் நினைப்பதில் பல, எழுத்தைத் திருத்தினால் தீரும்.

நிறத்தில் ஒரே கணக்கு: எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வேறுபாடு, பெரிய எழுத்துக்கு 3:1. வெள்ளையின் மேல் #777777 என்ற சாம்பல் 4.48 தான் தேறும், #767676 போட்டால் 4.54, பாஸ். டெம்ப்ளேட்காரர்களுக்கு இளஞ்சாம்பல் மேல் அப்படி ஒரு பிரியம், கண்டவுடன் கறுப்பாக்குங்கள். உங்களுடையது அரசுத் துறைத் தளம் என்றால் இந்திய அரசு வலைத்தளங்களுக்கான வழிகாட்டு நெறிகளின் 3.0 பதிப்பும் இதையே கேட்கிறது.

பெட்டிகளை அடுக்க ஃபிளெக்ஸும் கிரிடும். மெனுவுக்கு ஃபிளெக்ஸ், ‘ராப்’ சேர்த்து, இடைவெளி ஒரு ரெம் (பக்கத்தின் அடிப்படை எழுத்தளவு). சேவைகளைப் பெட்டி பெட்டியாகக் காட்ட கிரிட்: ஒவ்வொன்றும் குறைந்தது 16 ரெம், இடமிருந்தால் பக்கத்தில் பக்கத்தில், இல்லாவிட்டால் ஒன்றன் கீழ் ஒன்று. இந்த இரண்டிலேயே அலுவலகத் தளம் முடிந்துவிடும்.

மாற்றியது தெரியவில்லையா? முதலில் கண்ட்ரோல்–எஃப்5, பிரவுசர் பழைய கோப்பைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும். அதற்கும் மசியாவிட்டால் எஃப்12 அழுத்தி அந்த எழுத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் வரி அடித்துக் கோடிட்டிருந்தால் வேறு விதி அதை வென்றிருக்கிறது. டேக் பெயரை வகுப்பு வெல்லும், வகுப்பை ஐடி (ஒரே ஓர் இடத்துக்கு வைக்கும் தனிப்பெயர்) வெல்லும், ஐடியை டேகுக்குள்ளேயே எழுதிய ஸ்டைல் வெல்லும். ‘இம்பார்ட்டன்ட்’ போட்டு அடக்கலாம்தான். இன்று ஒன்று போட்டால் அடுத்த மாதம் பத்து இருக்கும்.

படம்

செல்போனில் எடுத்த படம் 4000 பிக்சல் அகலம், மூன்று நான்கு எம்பி. முகப்பில் ஆறு படம் போட்டால் இருபது எம்பியைத் தாண்டும். 1200 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி வடிவில் சேமித்தால் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கும். ஐஎம்ஜி டேகில் அகலமும் உயரமும் எண்ணாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் படம் வந்து சேரும்போது எழுத்து கீழே குதிக்கும், லிங்கைத் தொடப் போனவர் வேறெதையோ தொட்டுவிடுவார். ‘ஆல்ட்’ பண்பில் படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி. வெறும் அலங்காரப் படம் என்றால் ஆல்ட்டைக் காலியாக விடுங்கள், ஆனால் பண்பே இல்லாமல் விடாதீர்கள். விட்டால் சில ஸ்கிரீன் ரீடர்கள் கோப்புப் பெயரைப் படிக்கும்.

சோதனை

இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் வேலிடேட்டரில் (பிழை காட்டும் கருவி) ஒவ்வொரு பக்கத்தையும் போடுங்கள். முப்பது பிழை காட்டினால் மலைக்க வேண்டாம். முதல் பிழையை மட்டும் திருத்தி மறுபடி ஓட்டுங்கள். ஒரு டேகை மூடாமல் விட்டதற்கு அது இருபது புகார் சொல்லும்.

மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப் விசையால் மட்டும் தளத்தைச் சுற்றி வாருங்கள். எங்கே நிற்கிறோம் என்று தெரிகிறதா? தெரியவில்லை என்றால் டெம்ப்ளேட்டில் யாரோ ‘அவுட்லைன்’ மதிப்பை ‘நன்’ ஆக்கியிருக்கிறார்கள், அந்த வரியை நீக்குங்கள். என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடரை நிறுவிக் கட்டணப் பக்கத்தை ஒருமுறை காதால் கேளுங்கள். பிறகு அலுவலகத்திலேயே மலிவான செல்போன் வைத்திருப்பவரிடம் கொடுத்து, “இதுல நம்ம ஃபோன் நம்பரைக் கண்டுபிடிங்க” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் பாருங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே திருத்த வேண்டும்.

ஏற்றும் நாள்

புதிய தளத்தை முதலில் கடவுச்சொல் போட்ட தனி ஃபோல்டரில் ஏற்றிப் பாருங்கள். தேடுபொறி எட்டிப்பார்க்காமல் இருக்க ‘நோஇண்டெக்ஸ்’ வரியும் போட்டிருப்பீர்கள். திறப்பு நாளில் அதை எடுக்க மறந்துவிட்டு, மூன்று மாதம் கழித்து ‘கூகுளில் நம்ம பேரே வரல’ என்று தேடுபவர்கள் உண்டு. எக்செல் தாளிலேயே ஒரு வரியாக எழுதி வையுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை ஏற்றாதீர்கள். செவ்வாய் காலை நல்லது. ஏதாவது உடைந்தால் ஹோஸ்டிங்காரர் ஃபோன் எடுப்பார்.

பழைய முகவரிகள் மாறியிருந்தால் ஒவ்வொன்றையும் புதிய பக்கத்துக்கு 301 திருப்பம் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்புவது) செய்யுங்கள். அப்பாச்சி சர்வரில் எச்டிஆக்சஸ் என்ற கோப்பில் பக்கத்துக்கு ஒரு வரி. எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிடுவது சோம்பேறித்தனம். படிவம் தேடி வந்தவர் முகப்பில் நின்று விழிப்பார். எந்த முகவரிகளைத் திருப்ப வேண்டும் என்பதற்குப் பழைய தளத்தை மட்டும் பார்க்காதீர்கள். லெட்டர்ஹெட், ரசீதுப் புத்தகம், விசிட்டிங் கார்டு, வாசல் பலகையில் ஒட்டிய கியூஆர் கோடு எல்லாவற்றையும் எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். ரசீதுப் புத்தகம் இன்னும் இரண்டு வருடத்துக்கு அச்சடித்து வைத்திருப்பார்கள். அதிலுள்ள முகவரி அதுவரை திறக்க வேண்டும்.